கானாக் குழுவுக்குச் சொந்த ஸ்பீக்கர்: பேட்டரிப் பெட்டியா, 12 அங்குல ஜோடியா?

வியாசை டோலக்:
எங்கள் கானாக் குழுவில் பாடகர்கள் இருவர், டோலக் ஒன்று, கீபோர்டு ஒன்று. வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டைப் பக்கம் பிறந்தநாள், திருமண வரவேற்பு, சாவு வீடு என்று அழைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மைக் செட்டுக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஆட்டோவில் ஏற்றிச் செல்லும்படி பேட்டரி ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாமா, அல்லது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டும், மைக்குகளைச் சேர்த்துக் கொடுக்கும் மிக்ஸரும் வாங்கலாமா?

கல்மண்டபம் கீபோர்டு:
பேட்டரிப் பெட்டியே போதும். போஸ் எஸ்1 ப்ரோ ஏறக்குறைய 7 கிலோதான். ஒரு கையில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடக்கலாம். 11 மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. சத்தத்தைக் கூட்டினால் அது குறையும் என்றாலும் ஒரு நிகழ்ச்சிக்குத் தாராளம். எடையைவிட எனக்கு முக்கியம் கரண்ட். நம் தெருக்களில் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக இழுத்துக் கொடுக்கும் ஒயரில் பெரும்பாலும் எர்த் இருப்பதில்லை. ஈரத் தரையில் நின்று பாடுகிறவருக்கு மைக்கின் வலையில் உதடு பட்டதும் சுரீர் என்கிறது. பேட்டரியில் அந்தத் தொல்லையே கிடையாது.

பெரம்பூர் ஒலி:
நண்பர் சொல்லும் பெட்டியில் மைக் செருக இரண்டு வழிகள்தான் உண்டு. மூன்றாவதில் கீபோர்டைக் கொடுத்துவிட்டால் டோலக் மைக்கை எங்கே செருகுவது? அதன் ஊஃபர், அதாவது கனத்த ஒலியைத் தரும் கூம்பு, 6 அங்குலம். டோலக்கின் இடது பக்கத்து அடி திறந்த வெளியில் அதில் 'டப்' என்று வறண்டு கேட்குமே தவிர, நெஞ்சில் இறங்காது. கானாவில் அது போய்விட்டால் பிறகு என்ன மிச்சம்? தூரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: சுவரில்லாத இடத்தில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் 96 டெசிபல் இருந்தால், 16 மீட்டரில் நிற்பவருக்கு 84தான் கிடைக்கும். அட்டைப் பெட்டியில் அச்சிட்ட 'ஆயிரம் வாட்' பெரும்பாலும் நொடிப்பொழுது உச்சக் கணக்கு. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் வாட், எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

கல்மண்டபம் கீபோர்டு:
மைக் வழி போதாவிட்டால் பவர் பேங்கில் ஓடும் சிறு மிக்ஸர்கள் இருக்கின்றன. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 15 கிலோ, அதன் ஸ்டாண்டு, மிக்ஸர், ஒயர் மூட்டை என்று நீங்கள் சொல்லும் ஜோடி ஓர் ஆட்டோவையே நிரப்பிவிடும். அதன்பின் பாடகர்கள் பேருந்தில்தான் வர வேண்டும். சந்துக்குள் பாடும்போது இரு பக்கமும் சுவர் இருப்பதால் உங்கள் திறந்தவெளிக் கணக்கு அப்படியே பொருந்தாது. டோலக்குக்கு மைக்கே தேவைப்படாத சந்துகளிலும் நான் வாசித்திருக்கிறேன்.

பெரம்பூர் ஒலி:
சந்துக்குச் சரி, பந்தல் போட்ட வரவேற்புக்கு? ஒற்றைப் பெட்டியைப் பாடகர்களுக்குப் பின்னால் வைத்தால் அவர்களுக்கும் கேட்கும், உண்மைதான். ஆனால் மைக்கின் வாய் அதையே பார்ப்பதால் சத்தம் கூட்டியவுடன் கூவும். ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் பின்பக்கச் சத்தத்தைத்தான் குறைவாக எடுக்கும். ஆகவே ஸ்பீக்கர் முன்னால் இருந்து கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ராயபுரம் ரசிகன்:
சாவு வீட்டு இரவுகளைக் கணக்கில் சேர்த்துப் பெரிய ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அந்த நேரத்தில் குரலும் டோலக்கும் போதும். பழைய கானா அப்படித்தான் பாடப்பட்டது.

வியாசை டோலக்:
எங்களுக்கு வருமானம் வரவேற்புகளில்தான். டோலக் அடியை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. இப்போதைக்கு 12 அங்குலம் ஒன்றும் நான்கு மைக் செருகும் மிக்ஸரும் வாங்கிக்கொண்டு, இரண்டாவது ஸ்பீக்கரைப் பிறகு பார்க்கிறோம். எர்த்துக்கு என்ன செய்வது, அண்ணா?

கல்மண்டபம் கீபோர்டு:
என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, தம்பி. மூன்று பின் சாக்கெட் டெஸ்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒயரை இழுக்கும் முன் அதைச் செருகிப் பாருங்கள். எர்த் இல்லை என்று காட்டினால் அடுத்த வீட்டில் கேளுங்கள். மிக்ஸரும் ஸ்பீக்கரும் கீபோர்டும் ஒரே பாயின்ட்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். 'உம்' என்ற இரைச்சலும் அதில் பெருமளவு அடங்கும்.