கலைச்சொல்: பழைய பச்சையை மறைத்துக் குத்துவதற்குப் ‘பொத்துபச்சை’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வேண்டாத பழைய பச்சையை வேறொரு படத்தால் மறைத்துக் குத்துவதற்கு ‘மூடுபச்சை’ என்னும் சொல் இங்கே முன்மொழியப்பட்டுள்ளது. சொல் எளிது, ஆனால் செயலைப் பிழையாகக் காட்டுகிறது.

சுவரில் சாயத்தின்மேல் சாயம் பூசுவதுபோல் தோலில் மை படிவதில்லை. ஊசி மேல்தோலைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அடித்தோலில் மையை வைக்கிறது; முன்பு குத்திய மையும் அங்கேதான் கிடக்கிறது. இரண்டும் கலந்தே கண்ணுக்குத் தெரிவதால், கறுப்பு எழுத்தின்மேல் வெள்ளையோ மஞ்சளோ குத்திப் பயனில்லை. பழைய கோட்டைப் புதிய படத்தின் கருமையான பகுதிக்குள் கொண்டுவர வேண்டும். அதற்காகவே புதிய படம் பழையதைவிடப் பெரிதாக அமைகிறது.

பாம்பனில் விசைப்படகில் போகும் என் மாமா மகன் முன்கையில் ஒரு பெயரைக் குத்தியிருந்தான். புண் ஆறும்வரை உப்புநீரும் வெயிலும் படக்கூடாது என்பதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வரக் காத்திருந்து அதை மாற்றிக்கொண்டான். இப்போது அங்கே ஒரு மீன் இருக்கிறது. பெயரின் வளைவுகள் செதில்களின் விளிம்பாகவும் நெடுங்கோடு முதுகுத் துடுப்பாகவும் ஆகிவிட்டன. அந்தக் கையைப் பார்த்த பிறகு ‘மூடு’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘உள்வாங்குபச்சை’ என்று முதலில் எண்ணினேன். ஆனால் இராமேசுவரம் கரையில் கடல் உள்வாங்கியது என்றால், நீர் விலகி அடியில் கிடந்த பாறையும் பாசியும் வெளியே தெரிவதையே குறிப்பார்கள். மறைப்பதற்கு அது நேர் எதிரான பொருள்.

எனவே ‘பொத்துபச்சை’ என்பதை முன்வைக்கிறேன். வாயைப் பொத்துதல் என்னுமிடத்தில் மூடுதல் என்றும், கிழிந்த வலையைப் பொத்துதல் என்னுமிடத்தில் இழை சேர்த்துச் சீராக்குதல் என்றும் அச்சொல் பொருள்படும். வலை பொத்துகிறவர் பழைய கண்ணியை எறிந்துவிடாமல் அதன் முடிச்சிலிருந்தே புதிய நூலைத் தொடங்குகிறார். பச்சை குத்துபவரும் பழைய கோட்டிலிருந்துதான் தொடங்குகிறார். பொத்தல் என்றால் ஓட்டை அல்லவா என்று கேட்கலாம். அதனால்தான் தொழிற்பெயரை விடுத்து வினைத்தொகையாக ஆக்கியிருக்கிறேன். ‘பொத்துப்பச்சை’ என ஒற்று மிகுத்து எழுதினால் ‘பொத்து’ பொந்தைக் குறிக்கும் பெயராகிவிடும், ஒற்று வேண்டாம்.

வினையாக வரும்போது ‘பொத்திக் குத்துதல்’ எனலாம். முன்னதாக லேசரால் பழைய மையை மங்கச் செய்வதற்கு ‘வெளிறச் செய்தல்’ போதும், தனிச்சொல் தேவையில்லை. மை எந்த நிறமாக இருந்தாலும் ‘பச்சை’ என்னும் சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. கரிய மையும் தோலுக்கு அடியில் நீலம் கலந்த பச்சையாகத் தெரிவதைக் கண்டு நம் முன்னோர் இட்ட பெயர் அது.

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து உறுப்பினர்கள், தங்கள் ஊரில் வலையைச் சீராக்குவதற்கு வேறு சொல் வழங்கினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.