புதுப்பிப்பு: வீட்டுக் கல்விக்கு அமெரிக்க வரலாற்று நூல் – எதைத் தேர்ந்தோம்

வீட்டிலேயே படிக்கும் என் பிள்ளைகளுக்கு (வயது 9, 12) சேர்த்து வாசிக்க ஓர் அமெரிக்க வரலாற்று நூல் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ஜாய் ஹகீம் சிறுவர்களுக்காக எழுதிய 'A History of US' என்ற பத்துத் தொகுதி வரிசையைச் சொன்னவரின் யோசனை. "மொத்தமாக வாங்காதீர்கள், நூலகத்தில் ஒன்றை எடுத்துப் பாருங்கள்" என்றாரே, அது பணத்தையும் காத்தது. பிரிட்டனின் குடியேற்றங்கள் தனி நாடாவதைச் சொல்லும் மூன்றாம் தொகுதியில் தொடங்கினோம். கதை சொல்லும் நடை என்பதால் சின்னவள் கொட்டாவி விடவில்லை. ஓரங்களில் பெட்டிச் செய்திகள்தான் அதிகம். சத்தமாக வாசிக்கும்போது எங்கே நிறுத்துவது என்று தடுமாறுகிறேன். முன்பு வாங்கிய பாடநூல் அலமாரியில் தூங்குகிறது.

எதிர்பாராதது ஒன்று. 1776 சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (Library of Congress) இணையதளத்தில் காட்டினேன். அடிமை வணிகத்துக்காகப் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜைச் சாடி, வரைவை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் சேர்த்திருந்த பத்தியை, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு நீக்கிவிட்டிருந்தது. "ஜெஃபர்சனே அடிமைகள் வைத்திருந்தாரே, அப்பா?" என்றான் மூத்தவன். அந்தக் கேள்வியிலேயே இரண்டு நாள் போயிற்று. இப்போது ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு மூல ஆவணம் படிக்கிறோம்.