டம்மி மூடி இருந்த இடத்தில் கம்பெனி மாடல் சுவிட்ச்: உப்புக்காத்துல நான் பட்டது

மண்டபத்திலிருந்து விடியக்காலை மூணு மணிக்கு மீன் ஏத்திக்கிட்டு ராமநாதபுரம் போற பிக்கப் என்னோடது. உச்சிப்புளி தாண்டினா ரோட்டோரம் பூரா சீமைக்கருவேலம். உள்ளேருந்து எப்ப ஆடு இறங்கும்னு சொல்ல முடியாது. அதுக்காகத்தான் 55 வாட் ஃபாக் லேம்ப் ரெண்டு போட்டேன். டேஷ்போர்டுல சுவிட்ச் இல்லாத ஓட்டைய அடைச்சிருக்குற டம்மி மூடிய எடுத்துட்டு அந்த ஓட்டையிலேயே உக்கார்ற சுவிட்சும் வாங்கினேன்.

மாட்டிக் கொடுத்தவர் ரிலே வைக்கல; அதாவது, சுவிட்ச்லேருந்து வர்ற சின்ன கரண்ட்டை வச்சு லைட்டோட பெரிய கரண்ட்டை ஆன்-ஆஃப் பண்ற குட்டிப் பெட்டி. லைட்டுக்குப் போற கரண்ட் முழுக்க சுவிட்சுக்குள்ளயே ஓடுச்சு. 110 வாட்டுன்னா 12 வோல்ட்டுல 9 ஆம்பியருக்கு மேல. பத்தாம் நாள் வாலாந்தரவை கிட்ட பிளாஸ்டிக் கருகுற வாடை. சுவிட்ச் மேல கை வைக்க முடியல. ஓரங்கட்டிப் பார்த்தா சுவிட்ச்ல ஒயர் சொருகுற கப்ளர் உருகிக் கிடக்கு.

அப்புறம் நானே உக்கார்ந்து மாத்தினேன். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்துலயே 15 ஆம்பியர் பியூஸ், அங்கேருந்து ரிலேயோட 30ம் நம்பர் பின்னுக்கு. 87ல இருந்து லைட்டு. 85 எர்த்து. 86க்கு மட்டும் சுவிட்ச்லேருந்து ஒரு மெல்லிய ஒயர். ரிலே காயில் இழுக்குறது கால் ஆம்பியர்கூட இல்ல, சுவிட்ச் சூடாகவே ஆகாது. சுவிட்சுக்கு கரண்ட்ட பார்க்கிங் லைட் ஒயர்லேருந்து எடுத்தேன். இரவுல சுவிட்ச் எழுத்து தானா ஒளிரும், பார்க்கிங்கை அணைச்சா ஃபாக்கும் அணையும், அதனால ஃபாக் சுவிட்சை மட்டும் மறந்துட்டு இறங்கினாலும் பேட்டரி இறங்காது. சுவிட்ச்ல எந்தப் பின் எதுக்குன்னு ஒயர் கலரை நம்பாதீங்க. சுவிட்ச்சை அமுக்கி அமுக்கி மல்டிமீட்டர்ல பாருங்க.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஐப்பசி மழை முடிஞ்சதும் இடது லைட்டு மங்க ஆரம்பிச்சுது. பல்பு மாத்தினேன், அப்பவும் அதே. கடைசியில லைட்டோட எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் வச்சா 2 வோல்ட்டுக்கு மேல காட்டுது. பம்பர் பிராக்கெட்டுல போட்ட எர்த்து ஸ்க்ரூ துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு. ரெண்டு நாள் இதுக்கே போச்சு. இப்ப ரெண்டு லைட்டு எர்த்தையும் தனி ஒயரா பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுவந்துட்டேன். ரிலேயையும் தண்ணி தெறிக்காத உயரத்துல, பின் கீழ பார்க்குற மாதிரி மாட்டியிருக்கேன்.

— மண்டபம்

அண்ணே, எனக்கு எர்த்து இல்ல, ஒயரே போச்சு. வாலிநோக்கம் உப்பளத்துக்கு வண்டி ஓட்டுறேன். ஒட்டுப்போட்ட இடத்துல தோலைச் சீவினா செம்பு கறுத்து, தொட்டா பொடியா உதிருது. ஒரு சாண் வெட்டியும் நல்ல கம்பி வரல. படகுக்குப் போடுற, வெள்ளீயம் பூசின ஒயரை கேட்டு வாங்கி, ஒட்டுக்கு ஸ்லீவ் போட்டு சூடுகாட்டி மூடின பிறகுதான் நின்னுச்சு. விலை கூடத்தான், ஆனா எங்க பக்கம் வேற ஒயர் வாங்காதீங்க.

— சாயல்குடி

வயரிங் எல்லாரும் நல்லா சொல்லிட்டீங்க. லைட்டைக் கொஞ்சம் கீழ சாய்ச்சு வைங்கண்ணே, கெஞ்சிக் கேக்குறேன். பாம்பன் ரோட்டுப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல, ஓரங்கட்ட இடம் கிடையாது, காத்து வேற வண்டியத் தள்ளும். போன மாசம் எதிரே வந்த வண்டி வெளிச்சத்துல எனக்குக் கைப்பிடிச்சுவரே தெரியல. பின்னாடி என் அம்மா உக்கார்ந்திருந்தாங்க.

— தங்கச்சிமடம்