மறு: [கலைச்சொல்] 'ஷ்ரிங்க்': சுருக்கலா, குறுக்கலா?

வணக்கம் நண்பர்களே,

> பெரிய வட்டில் உள்ள இயங்குதளத்தைச் சின்ன வட்டுக்கு மாற்றுவதைக் கையேட்டில் 'சுருக்கி நகலெடுத்தல்' என்று போட்டிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

எனக்கு உண்டு. இரண்டு சொல்லிலுமே உண்டு.

முதலில், பகிர்வின் (வட்டைப் பிரித்த பாகம், பார்ட்டிஷன்) அளவைக் குறைக்கும் 'ஷ்ரிங்க்' வேலைக்குப் போட்ட 'சுருக்கல்'. ஜிப் செய்வதற்கு அந்தச் சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டோம். மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருப்பவர் ஒருவர், 500 ஜிபி வன்வட்டை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போடச் சொல்லிக் கணினியைக் கொண்டுவந்தார். "பகிர்வைச் சுருக்கணும்" என்றேன். "சுருக்கினா போட்டோ எல்லாம் மங்கிடாதா சார்?" என்றார். வாட்ஸ்அப்பில் படம் சுருங்குவதைத் தினமும் பார்க்கிற மனிதர் வேறு எப்படிக் கேட்பார்? இங்கே தரவில் ஒரு பைட்கூடச் சுருங்குவதில்லை. கடைக்கோடியில் கிடக்கும் தரவுத் தொகுதிகளை முன்னால் நகர்த்திவிட்டு, பின்னால் உள்ள வெற்றிடத்தை விட்டுக்கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

என் பரிந்துரை 'குறுக்கல்'. நன்னூலின் செய்யுள் விகாரங்களில் 'நீட்டல்', 'குறுக்கல்' இரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன. பகிர்வுகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட் மென்பொருளில் வரும் 'க்ரோ' (பெரிதாக்கல்), 'ஷ்ரிங்க்' இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து சொல் கிடைக்கிறது. பொருளும் ஒட்டுகிறது: ஐகாரக்குறுக்கத்தில் ஐ போய்விடுவதில்லை, இரண்டு மாத்திரை ஒன்றரையாகவோ ஒன்றாகவோ குறைகிறது.

அடுத்து 'நகல்'. லினக்ஸில் வட்டை நகலெடுக்கும் டிடி கட்டளை முதல் செக்டரில் (வட்டின் சிறு கூறு) தொடங்கிக் கடைசி செக்டர்வரை அப்படியே எழுதும். 240 ஜிபி வட்டு, கணினி கணக்கில் 223 தான். அது நிரம்பியதும் 'இடமில்லை' என்று நின்றுவிடும். வட்டின் கடைசியில் இருக்கவேண்டிய ஜிபிடி (பகிர்வு அட்டவணை) மாற்றுத் தலைப்பும் வந்து சேராது. வட்டு நகலெடுக்கும் மென்பொருளான க்ளோன்சில்லாவும் இயல்பான அமைப்பில் சின்ன வட்டை ஏற்காது. ஆர்சிங்க் கட்டளை வேறு ரகம். அது கோப்பு கோப்பாக எடுத்துவைக்கும். கல்வெட்டுக்கு மசிப்படி எடுக்கக் கல்லளவு தாள் வேண்டும். ஓலைச்சுவடியைப் படியெடுக்கப் புது ஓலை குட்டையாக இருந்தாலும் போதும், வரி எங்கே உடைந்தாலும் பாடம் மாறாது. ஆகவே டிடி செய்வதற்கு 'அச்சுப்படி', ஆர்சிங்க் செய்வதற்கு 'படியெடுத்தல்' என்று பிரித்துக்கொள்ளலாம். முழு வேலைக்கும் 'குறுக்கிப் பெயர்த்தல்'.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'கோப்பு முறைமைக் குறுக்கல்', 'பகிர்வுக் குறுக்கல்' இரண்டும் தனித்தனிப் பதிவாக வரவேண்டும். முதலில் கோப்பு முறைமை (பகிர்வுக்குள் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பு), பிறகுதான் பகிர்வு. மாற்றிச் செய்தால் வால் பகுதியில் இருந்த கோப்புகள் எல்லைக்கு வெளியே போய்விடும். நீட்டும்போது வரிசை தலைகீழ். ஜிபார்ட்டட் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கட்டளை அடிப்பவருக்குக் கையேடுதான் சொல்லவேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை என்றால் லைவ் யுஎஸ்பியில் (இயங்குதளம் உள்ள பென்டிரைவ்) தொடங்கி, பகிர்வை ஏற்றாத (மவுன்ட் செய்யாத) நிலையில் குறுக்கவேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் குறுக்கலை நம்பி இறங்காதீர்கள், படியெடுப்பதே வழி.

அன்புடன்,
கடலூரிலிருந்து

---

> என் பரிந்துரை 'குறுக்கல்'.

அண்ணே, 'குறுக்குவழி' ஏற்கெனவே 'ஷார்ட்கட்'டுக்கு இருக்கிறதே. பொத்தானில் 'குறுக்கு' என்று போட்டால் புதுச்சேரிக்காரர்கள் நாங்கள் குறுக்கே எதையோ வெட்டப்போகிறது என்று நினைப்போம். பேசாமல் 'சிறிதாக்கு' போட்டால் என்ன?

அந்தப் 'பெயர்த்தல்' பிடித்திருக்கிறது. கோப்புகள் வந்துசேர்ந்ததோடு வேலை முடிவதில்லை. புதுப் பகிர்வின் யுயுஐடி (அடையாள எண்) வேறு. எந்தப் பகிர்வை ஏற்றவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழையதே கிடந்தால் இயங்குதளம் எழுந்திருக்காது. இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் க்ரப்பையும் மறுபடி நிறுவவேண்டும். வேரோடு பெயர்த்து நடுவது அத்தனையும் அந்தச் சொல்லில் வந்துவிடும்.

இன்னொன்று. விண்டோசில் பாதி வட்டு காலியாக இருந்தும் ஓரளவுக்குமேல் குறுக்க விடாது. பேஜ்ஃபைல் (நினைவகத்துக்குத் துணையான கோப்பு), ஹைபர்னேஷன் கோப்பு (அணைக்கும்போது நினைவகத்தைச் சேமிப்பது) போன்றவை நகர்த்த முடியாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு ஒரு சொல் வேண்டுமே?

---

'சிறிதாக்கு' சாளரத்தின் மினிமைசுக்குப் போய்விட்டது தம்பி. பொத்தானில் ஏவலாக வேண்டாம், 'அளவு குறுக்கல்' என்று தொழிற்பெயராகவே வைப்போம்; உங்கள் குழப்பம் வராது.

அந்தக் கோப்புகளுக்கு 'நகராக் கோப்பு'. குறுக்கும் முன் பேஜ்ஃபைலையும் ஹைபர்னேஷனையும் நிறுத்திவிட்டு, பெயர்த்தபிறகு திரும்ப இயக்கச் சொல்லி அதன் விளக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எஸ்எஸ்டியில் வட்டே கிடையாதே, அதை ஏன் வட்டு என்கிறோம் என்று அடுத்து யாராவது கிளப்புவார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் வேண்டாம்.