கூர்ஸ் ஃபீல்டில் ரன் குவிவது காற்றாலா, வேலியாலா?

டென்வர்வாசி:
எங்கள் டென்வர் பேஸ்பால் மைதானமான கூர்ஸ் ஃபீல்டைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே, "கூர்ஸ் ஃபீல்டில் யார் அடித்தாலும் ஹோம் ரன், அங்கே எடுத்த ரன்னை எல்லாம் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டென்வர் ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, காற்று லேசு, பந்து தூரம் போகும், வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். சரி, யார் மறுத்தார்கள்? அது தெரிந்துதானே 1995-இல் மைதானம் கட்டும்போதே வேலியைத் தள்ளிப் போட்டார்கள்? இடது பக்கம் 347 அடி, நடுவில் 415, வலது பக்கம் 350. அவ்வளவு பெரிய வெளியை பின்வெளியில் நிற்கும் மூன்றே அவுட்ஃபீல்டர்கள் காக்க வேண்டும். அங்கே வேலிக்கு இந்தப் பக்கம் விழும் பந்துதான் ஆளைக் கொல்கிறது.

ஃபென்வே ரசிகன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம், பயப்பட வேண்டாம். 1999-இல் கூர்ஸில் மட்டும் 303 ஹோம் ரன். வேறெந்த மைதானமும் ஒரு சீசனில் அந்த எண்ணைத் தொட்டதில்லை. அந்த 303 பந்தும் வேலிக்கு எந்தப் பக்கம் விழுந்தது?

டென்வர்வாசி:
1999! ஹியூமிடார் வந்தது 2002-இல். பந்து காய்ந்து போகாமல் ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுத்த பிறகு ஹோம் ரன் குறைந்தது. அப்படியும் ரன் அதிகம் விழும் இடம் எது என்றால் இன்றும் கூர்ஸ்தான். ஏன்?

மேல் அடுக்கில் 20-ஆம் வரிசை நாற்காலிகள் மட்டும் ஊதா நிறம், அதுதான் ஒரு மைல் உயரக் கோடு. அங்கே உட்கார்ந்து கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தலைக்கு மேல் போய்விடக் கூடாதென்று, நடுவில் நிற்கும் அவுட்ஃபீல்டரான சென்டர் ஃபீல்டர் நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கிறார். பேட்டின் கழுத்தில் பட்டு ஒரு பந்து சொத்தென்று எழும்புகிறது. பேஸ்களுக்கு அருகில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பின்னால் ஓடுகிறார், சென்டர் ஃபீல்டர் முன்னால் ஓடி வருகிறார், இரண்டு பேருக்கும் நடுவில் புல்லில் விழுகிறது. அடுத்தவர் அடித்தது இடைவெளியில் புகுந்து சுவர் வரை உருண்டது. முதல் பேஸில் நின்றவர் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார். வேலியைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

கர்வ்பால் கணேசன்:
இரண்டு பேருமே பந்து வீசும் பிட்சரை மறந்துவிட்டீர்கள். லேசான காற்றில் கர்வ் பால் வளைய வேண்டிய அளவு வளையாது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஃபென்வே ரசிகன்:
கணேசன் சார் சொன்னதும் காற்றுதான். 303-க்கு இன்னும் பதில் வரவில்லை.

டென்வர்வாசி:
போன மாதமும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் இழுத்தீர்கள். நானும் ஒரு எண் தருகிறேன். 1997-இல் எங்கள் டென்வர் அணியின் லாரி வாக்கர் 49 ஹோம் ரன் அடித்தார். டென்வரில் 20, வெளியூரில் 29. இருபத்தொன்பது! அவரைப் போய் "கூர்ஸ் ஆள்" என்று முத்திரை குத்தி, பத்தாவது வருஷம், கடைசி வாய்ப்பில், 2020-இல்தான் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் பேஸ்பால் புகழ்மன்றத்துக்குள் விட்டார்கள். 75 விழுக்காடு வாக்கு வேண்டிய இடத்தில் 76.6. உங்களைப் போல் பேசியவர்களால் வந்த வினை அது.

ஃபென்வே ரசிகன்:
வாக்கரின் கூர்ஸ் பேட்டிங் சராசரி .381. மொத்த வாழ்நாள் சராசரி .313. ஒரே வருஷத்தை வைத்து அதை மறைக்க முடியாது.

டென்வர்வாசி:
சராசரி ஏறுவது ஹோம் ரன்னால் மட்டுமா? புல்லில் விழும் பந்தால்தான் என்று தொண்டை கிழியக் கத்துகிறேனே! பாஸ்டனில் உங்கள் ஃபென்வே மைதானத்தில் என்ன நடக்கிறது? 310 அடியிலேயே இடது பக்கச் சுவர், 37 அடி உயரம். வேறு ஊரில் கையில் வந்து விழும் பந்து அங்கே சுவரில் பட்டு, இரண்டு பேஸ் தரும் டபுள் ஆகிறது. அந்த டபுளைக் கழித்துவிடலாமா?

ஃபென்வே ரசிகன்:
37 அடி 2 அங்குலம். உயரமே தெரியாமல் கிரீன் மான்ஸ்டர் என்ற அந்தச் சுவரைப் பற்றிப் பேச வரக் கூடாது. நேராக அறைந்த எத்தனையோ ஹோம் ரன்களை அந்தச் சுவர் தடுத்து வெறும் சிங்கிள் ஆக்கியிருக்கிறது.

டென்வர்வாசி:
ஆக, சுவர் ரன்னை மாற்றும் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்.

ஃபென்வே ரசிகன்:
2 அங்குலத்தை விட்டதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

பால்டிமோர் மாலா:
அண்ணா, எங்கள் ஊர்க் கதையையும் கேளுங்கள். கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தில் 2022-இல் இடது பக்கச் சுவரைப் பின்னால் தள்ளினார்கள், அதன் உயரத்தை 7 அடியிலிருந்து 13 அடி ஆக்கினார்கள். வலது கை பேட்டர்கள் அடித்த நல்ல பந்தெல்லாம் அவுட் ஆனது. பொறுக்க முடியாமல் 2025-இல் ஒரு பகுதியை மறுபடி முன்னால் கொண்டு வந்தார்கள். காற்று அதே காற்றுதான்.

கர்வ்பால் கணேசன்:
வேலியும் காற்றும் கிடக்கட்டும், 2024 வரை ஏ'ஸ் அணி ஆடிய ஓக்லாந்து மைதானத்தில், ஆட்ட எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே அவ்வளவு இடம் இருந்தது. மற்ற ஊரில் பார்வையாளர் மடியில் விழும் பந்து அங்கே கேட்ச் ஆனது.

ஃபென்வே ரசிகன்:
ஓக்லாந்து, பால்டிமோர் என்று சுற்றாதீர்கள். பேச்சு 303-ஐப் பற்றி.

டென்வர்வாசி:
பேச்சு 415 அடியைப் பற்றி! நான் தொடங்கிய விவாதம் இது. நாளை வேலை முடிந்து வந்து வாக்கரின் டபுள், டிரிபிள் எல்லாவற்றையும் ஊர்வாரியாக எடுத்துப் போடுகிறேன்.

ஃபென்வே ரசிகன்:
தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன் மேலே இருக்கும் 37 அடியைத் திருத்திவிட்டு வாருங்கள்.