மழை பெய்தால் மலேரியா கூடுமா? நீங்கள் பார்த்தது என்ன?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை. மலையடிவாரத்துக்கு மாற்றலாகிப் போன புதிதில், மழை தொடங்கியதும் மலேரியா ஸ்லைடுகள் குவியும் என்று காத்திருந்தேன். அடைமழை பெய்த வாரங்களில் ஒன்றிரண்டு பாசிட்டிவ்தான். மழை ஓய்ந்து, ஓடை தெளிந்து, நான் மறந்தே போன பிறகுதான் கூட்டம் வந்தது.

பூச்சி ஆய்வாளரிடம் கேட்டேன். "வெள்ளம் வந்தா கொசுப்புழுவையும் அடிச்சுட்டுப் போயிடும் சார். தண்ணி தேங்கணும்" என்றவர், ஓடைக்கரையில் ஒரு குழியில் கரண்டியை விட்டு எடுத்துக் காட்டினார். நாலைந்து புழுக்கள் நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தன. தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு, இப்படிப் படுத்திருந்தால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ். அது கொசுவாகி, நோயாளியைக் கடித்து, ஒட்டுண்ணி அதன் உடலில் முற்றி, அடுத்தவரைக் கடித்து, அவருக்குக் காய்ச்சல் காண ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. மழைக்கும் என் ஸ்லைடுக்கும் நடுவே இருந்த இடைவெளி அதுதான்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன்.

———

நான் பார்த்தது நகரத்தில். சொட்டு மழை இல்லாத மாதம், ஒரே தெருவில் அடுத்தடுத்து நாலு பேருக்குக் குளிர்காய்ச்சல். சாக்கடையைத்தான் எல்லோரும் திட்டினோம். கடைசியில் பார்த்தால், மூடி உடைந்த மொட்டைமாடித் தொட்டி. ஸ்டீபன்சி வகை அனாபிலிஸுக்குக் கிணறும் தொட்டியும் போதும், மழையை எதிர்பார்க்காது. 2012-ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் இது தென்பட்டதிலிருந்து, ஆப்பிரிக்க நகரங்களிலும் கவலை.

———

வறட்சியிலும் வரும். பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன உதாரணம் இலங்கை, 1934-35. மழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாக நின்றுவிட்டன. வழக்கமாக மலேரியா குறைவான ஈரவலயத்தில்தான் பேரடி. மக்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அதே இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது வேறு கதை.

———

குளிர்ப் பிரதேசத்தில் வேலை பார்த்த எனக்குக் கொசுவே இல்லாத பனிக்காலத்தில் வந்தது. பல் கிட்டும் நடுக்கம், இரண்டு போர்வை போட்டும் அடங்கவில்லை. அப்புறம் வேர்த்துக் கொட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்தேன். ஒருநாள் விட்டு மறுபடியும். ஃப்ளூ என்றே நினைத்தேன். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி மலேரியா வந்திருக்கா?" வந்திருந்தது, எட்டு மாதம் முன்பு, வேறு ஊரில். கல்லீரலில் மிச்சமிருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லத் தந்த 14 நாள் பிரைமாகுவின் மாத்திரையை ஐந்தாம் நாளே நிறுத்தியிருந்தேன், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று. வைவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

———

முதல் பதிவு போட்டவன்தான். குளிரைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. 25 டிகிரியில் ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை ஒட்டுண்ணி கொசுவுக்குள் முற்றப் பன்னிரண்டு நாள் போதும். 20 டிகிரியில் ஏறக்குறைய நான்கு வாரம். அதற்குள் பெரும்பாலான கொசு செத்துவிடும். உயர்ந்த மலைகளில் நோய் குறைவாக இருப்பது இதனால்தான். ஆனால் வழக்கத்தைவிடச் சூடான ஒரு வருடம் வந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

கல்லீரலில் தூங்குகிறவனுக்கு வெயிலும் மழையும் ஒன்றுதான். ஸ்லைடு எடுக்கும்போது, போன வருடம் எங்கே இருந்தீர்கள் என்றும் இப்போது கேட்டு எழுதிக்கொள்கிறேன்.