சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி: ஜெர்மனிக் கிராமத்தில் கஞ்சா வளர்ப்புச் சங்கத்தைத் தேடிச் சேர்வது எப்படி?

காற்றாடிக்காரன்:

தலைப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். முழுவதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். மூன்று வருடமாக ஜெர்மனியின் நீடர்சாக்சன் மாநிலத்தில் ஒரு குக்கிராமத்தில் குடியிருந்து காற்றாலைகளைப் பழுதுபார்க்கிறேன். அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக ஆறு வார விடுப்பில் வந்திருக்கிறேன். பட்டணத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, இதைத் தட்டச்சு செய்கிறேன்.

நான் இருக்கும் ஊரில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். ரொட்டிக்கடை மதியத்தோடு மூடிவிடும். பஸ் பள்ளி நாட்களில் மட்டும் வரும். ஆனால் சங்கங்களுக்குக் குறைவே இல்லை. தீயணைப்புக்கு ஒரு சங்கம், துப்பாக்கி சுட ஒரு சங்கம், பாட்டுப் பாட ஒரு சங்கம். குளிர்காலத்தில் கைவண்டியில் சாராயப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு வயல்வெளியில் கும்பலாக நடந்து, கடைசியில் ஒரு விடுதியில் பரட்டைக்கீரையும் தொத்திறைச்சியும் தின்பது அந்த வட்டாரத்து வழக்கம். முதல் வருடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகுதான் தெருவில் என்னைப் பார்த்துத் தலையசைக்க ஆள் கிடைத்தது.

அங்கே 2024 ஏப்ரல் 1 முதல், 18 வயதானவர்கள் கஞ்சாவை அளவோடு வைத்திருக்கலாம். கடை விற்பனை கிடையாது. வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம். இல்லையென்றால், லாப நோக்கமற்ற வளர்ப்புச் சங்கம் ஒன்றில் சேரலாம். செடி வளர்க்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு சமையலறைச் சன்னல். அதன் வழியாக வீட்டுக்காரப் பாட்டி தினமும் எட்டிப் பார்க்கிறார்.

மறைக்க ஒன்றுமில்லை: கோபுரம் ஏறி இறங்கிய நாட்களில் தோள்பட்டை வலிக்கு எப்போதாவது புகைப்பேன். ஒருமுறை நகரத்து ரயில் நிலையத்தருகே ஒருவனிடம் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தபோது நறநறவென்று ஏதோ பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் கழுவியும் பிசுபிசுப்புப் போகவில்லை. அன்றோடு தெருவில் வாங்குவதை விட்டுவிட்டேன்.

சங்கத்தில் சேரலாம் என்றால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை. இணையத்தில் ஒன்று அகப்பட்டது, ஆனால் அனுமதி வருவதற்கு முன்பே முன்பதிவுக் கட்டணம் கேட்கிறது. நல்ல சங்கத்தை எப்படி அடையாளம் காண்பது? இங்கிருந்தே விண்ணப்பம் போடலாமா?

இன்னொன்று. 19 வயது அக்காள் மகன் இதைக் கேட்டுவிட்டு, “மாமா, இங்கேயும் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்துவிட்டால் என்ன?” என்கிறான். விளையாட்டுக்குக் கேட்கிறானா என்று தெரியவில்லை. அவனுக்கு நான் சொல்லும் பதில் போதவில்லை. யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

ஓல்டன்பர்க் தாதி:

நான் தெலுக் இந்தான் பக்கத்துப் பெண். உங்கள் மாநிலத்திலேயே மருத்துவமனை வேலை. போன வருடம் நானும் என் கணவரும் இதே தேடலில் அலைந்தோம், அதனால் சொல்கிறேன்.

பெயர்ப்பலகை இல்லாததற்குக் காரணம், சங்கங்கள் விளம்பரம் செய்யவே சட்டம் தடை போட்டிருக்கிறது. செடி வளரும் இடம் வெளியே தெரியக்கூடாது. வேலி, பூட்டு எல்லாம் வேண்டும். பள்ளி, சிறுவர் விளையாட்டுத் திடல் ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஆகவே கிராமத்துச் சங்கம் பெரும்பாலும் பழைய தானியக் கொட்டகையிலோ கைவிட்ட பட்டறையிலோதான் இருக்கும். பத்து முறை அந்த வழியாகக் கார் ஓட்டினாலும் உங்களுக்குத் தெரியாது.

நம் மாநிலத்தில் இவற்றுக்கு அனுமதி கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? வேளாண்மை மன்றம்! உருளைக்கிழங்குக்காரர்களும் பன்றிப் பண்ணைக்காரர்களும் போய் நிற்கும் அதே அலுவலகம். 2024 ஜூலையில் நாட்டின் முதல் அனுமதி கிடைத்ததும் நம் மாநிலத்துக் காண்டர்கசே என்ற ஊரின் சங்கத்துக்குத்தான். அதனால் முதலில் மன்றத்தைக் கேளுங்கள். பிறகு வட்டாரச் செய்தித்தாளின் பழைய இதழ்களைப் புரட்டுங்கள். அனுமதி வாங்கும் சங்கம் ஊராட்சிக் கூட்டத்தில் கட்டாயம் ஒரு சண்டையைக் கிளப்பியிருக்கும். சண்டை நடந்தால் செய்தி வந்திருக்கும். எங்களுக்குச் சங்கம் கிடைத்தது அப்படித்தான்.

சேர்வதற்கு ஆறு மாதமாவது ஜெர்மனியில் குடியிருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது பிரச்சினையில்லை. வேறு எந்தக் கஞ்சா வளர்ப்புச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்ந்தால் குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். ஒரு சங்கத்தில் 500 பேருக்கு மேல் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், மாதத்துக்கு 50 கிராம்தான் உச்சவரம்பு. 21 வயதுக்குக் கீழே என்றால் மாதம் 30 கிராம், அதுவும் டிஎச்சி, அதாவது போதை தரும் பொருள், பத்து சதவீதத்துக்கு மேல் இல்லாதது.

முன்பணம் கேட்பவர்களை விட்டுவிடுங்கள். “அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள்” என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எங்களுக்கு ஒருவர் பதிலுக்கு வண்ண வண்ணமாக ஒரு சிறு புத்தகத்தையே அனுப்பிவைத்தார், கடிதத்தை மட்டும் அனுப்பவில்லை.

“சமூகச் சங்கம்” என்றதும் சோபாவும் பாட்டும் இருக்கும் என்று நான் கற்பனை செய்தேன். பார்சலோனாவில் அப்படி இருக்கிறதாம். இங்கே சங்க வளாகத்தில் புகைப்பதே தடை. போனோம், உறுப்பினர் அட்டையையும் அடையாள அட்டையையும் காட்டினோம், நிறுத்துக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டோம், வந்தோம். பொட்டலத்தோடு ஒரு தாள் வரும்: என்ன வகை, எப்போது அறுவடை, டிஎச்சி எவ்வளவு, போதை தராத சிபிடி எவ்வளவு. தாதி என்ற முறையில் எனக்கு அந்தத் தாள்தான் பிடித்தது. தபாலில் அனுப்பச் சொன்னால் அனுப்பமாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும்.

அங்கேதான் கிராமத்துச் சிக்கல் வருகிறது. பஸ் இல்லை, கார்தான். வாகனம் ஓட்டுபவரின் இரத்தச் சீரத்தில் டிஎச்சி மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்று 2024 ஆகஸ்டில் வரம்பு வைத்தார்கள். அடிக்கடி புகைப்பவருக்கு மறுநாள் காலையிலும் அது தாண்டியிருக்கலாம். நீங்கள் பழுதுபார்க்கும் வேனை ஓட்டிக்கொண்டு போய்க் கோபுரம் ஏறுபவர். உரிமமும் போய் வேலையும் போனால் அந்தக் கிராமத்தில் மாடுகளோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். தோள்பட்டையை முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள் அண்ணா. உண்மையாகவே தேவை என்றால் ஜெர்மனியில் மருத்துவரே கஞ்சாவை எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது.

பழைய கிராணி:

தம்பி, நான் 1969இலிருந்து தோட்டத்துக் கிராணி. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டது முதல் சம்பளப் பட்டியல் வரை எழுதியவன். கஞ்சாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சங்கத்தைப் பற்றியும் நிறுவையைப் பற்றியும் தெரியும்.

“லாப நோக்கமற்ற” என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையும் லாபத்துக்காக நடக்கவில்லை, வரும்படி தொழிலாளர் நலனுக்குப் போகிறது என்றுதான் சொன்னார்கள். சம்பள நாளன்று மாலை அந்தக் கடை வாசலில் பெண்கள் நிற்பார்கள். குடிக்க அல்ல, புருஷனின் சட்டைப்பையில் மிச்சம் இருப்பதைப் பிடுங்க. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலியை உயர்த்து என்றதோடு கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். குடித்தவர்களே கேட்டார்கள், அதைக் கவனி.

நிறுவைக்கு வருகிறேன். மதியம் பால் வாளிகள் வரிசையாக வரும். நான் நிறுத்து, ஒரு சிறு கரண்டிப் பாலை எடுத்து அதில் ரப்பர் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து எழுதுவேன். எதிரே நிற்கும் அம்மாவுக்கு முள் எங்கே நின்றது என்று தெரியும், நான் என்ன எழுதினேன் என்று தெரியாது. புத்தகம் என் பக்கம் திரும்பியிருக்கும். குறைத்து எழுதிய கிராணிகளை எனக்குத் தெரியும். நான் எழுதினேனா என்று கேட்காதே.

ஆகவே நீ போகும் சங்கத்தில் தராசு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார். கையெழுத்துப் போடுமுன் எண்ணை வாசி. மீந்த பணம் எங்கே போகிறது, வருடாந்திரக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறார்களா, கொட்டகையின் வாடகையை வாங்குபவர் தலைவரின் மைத்துனரா என்று விசாரி. தாதி மகள் சொன்ன 500 பேர், 50 கிராம் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாதம் 25 கிலோ. அவ்வளவு சரக்கு கைமாறும் இடத்தில் புத்தகம் ஒழுங்காக இல்லையென்றால் அது சங்கமே இல்லை.

அந்தப் பையனுக்கும் இதே எண்ணைச் சொல். இங்கே 200 கிராம் கையிலிருந்தாலே கடத்தல்காரன் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஈப்போ குமாஸ்தா:

வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். மருமகனுக்கு மட்டும் பதில்.

நம் நாட்டுச் சங்கச் சட்டத்திலும் ஏழு பேர் என்ற எண் இருக்கிறது, அதைத்தான் தம்பி எங்கோ படித்திருக்கிறார். ஆனால் குற்றமான ஒரு காரியத்துக்காக எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் பதிவு கிடையாது. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாச் செடி வளர்ப்பதற்குத் தனிப் பிரிவே உண்டு. தண்டனை ஆயுள் சிறையும் பிரம்படியும். சமையலறைச் சன்னல் செடிக்கென்று அதில் சலுகை இல்லை. புகைத்ததற்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். 2023இல் கட்டாய மரண தண்டனைதான் நீங்கியது; கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்னும் இருக்கிறது. விண்ணப்பத் தாளில் ஏழு பெயர், ஏழு அடையாள அட்டை எண், ஏழு முகவரி எழுதிக் கொடுப்பது, போலீஸ் அலையாமல் இருக்க நாமே செய்துதரும் உதவி.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வரி: ஜெர்மனியில் உங்கள் பெயருக்குச் சட்டப்படி கிடைத்தது, ஜெர்மனியின் எல்லையைத் தாண்டினால் சட்டப்படியானது அல்ல. பையின் ஓரத்தில் ஒட்டிய தூள்கூட வேண்டாம். ஊருக்கு வரும்போது வேறு பையில் வாருங்கள்.

காற்றாடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வேளாண்மை மன்றத்துக்கு நேற்றே எழுதிவிட்டேன். முன்பணம் கேட்டவர்களிடம் அனுமதிக் கடிதம் கேட்டேன், பதிலே இல்லை. மற்றபடி இங்கிருந்து எதையும் செய்யப்போவதில்லை, திரும்பிப் போன பிறகுதான். தாதி அக்கா சொன்னபடி முதலில் தோள்பட்டைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இந்த முறை நான் கொண்டுவந்த பை புதிதாக வாங்கியது. இருந்தாலும் குமாஸ்தா எழுதியதைப் படித்துவிட்டு அதை உதறிப் பார்த்தேன்.

அக்காள் மகனிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டினேன். 25 கிலோ, 200 கிராம் என்ற இரண்டு எண்களையும் பார்த்தான். ஒன்றும் பேசாமல் மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விட்டான்.

கிராணி ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கஞ்சா என்ற சொல்லை விட்டுவிட்டு, செடி வளர்க்கும் சங்கம் என்று மட்டும் சொன்னேன். பால் நிறுவை வந்த இடத்தில் “இன்னொரு தரம் வாசி” என்றார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த பிஸ்கட் டின்னை எடுக்கச் சொல்லி, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கட்டிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று நம் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம். தாள் நான்காக மடிந்து, மடிப்பில் கிழிந்திருக்கிறது. செலோடேப் மஞ்சளாகிவிட்டது.

“சங்கம் என்றால் கூட்டத்துக்குப் போய்விடு, பொங்கல் கொடுப்பார்கள் என்று போகாதே, கணக்கைக் கேள்” என்றார்.

சரி என்றேன்.

“அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, களை பிடுங்குவது எல்லாம் யார்?”

உறுப்பினர்களும் கூடமாட வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம் என்றேன். முறை வைத்துப் போக வேண்டியிருக்கும்.

அம்மா கட்டுப் போட்ட காலை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “களை பிடுங்கத்தானாடா உன்னை இந்தத் தோட்டத்தைவிட்டு அனுப்பினேன்?”

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் எனக்கு விமானம்.